உயிர் காலேஜ் டீச்சர் பதில்கள்

இந்த மாதக் கடிதங்களில் முக்கால்வாசி வண்டலூர் உயிரியல் பூங்கா பற்றித்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு என்பது அதிலிருந்தே தெரிகிறது. வழக்கம்போல எழுதியவர்கள் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் 31 வருஷம் அரசுப் பள்ளிகளில் உயிரியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு கொஞ்ச காலம், மிருகங்களைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளோடு கூடவே நடந்து பேசிக்கொண்டிருந்தேன். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பேரன் பேத்தியோடு போவதோடு சரி.

கேள்வி: காணும் பொங்கலன்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனை வண்டலூருக்கு அழைத்துப் போனோம். ஐந்து மணி நேரம் நடந்தோம். புலி முதுகைக் காட்டித் தூங்கியது. பாதி மிருகம் கண்ணிலேயே படவில்லை. 'இதுக்கு டிவியே மேல்' என்கிறான். படிப்புக்கு உதவும் என்று நினைத்தது தப்பா?
(ஓர் அம்மா, குரோம்பேட்டை)

காணும் பொங்கலன்று நீங்கள் போய்ப் பார்த்தது மனுஷக் காட்சிசாலை அம்மா. அன்றைக்குப் புலி இருந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் முதுகைக் காட்டித்தான் படுத்திருப்பேன்.

முதலில் நாளைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. ஞாயிறையும் பண்டிகை நாட்களையும் தள்ளிவிடுங்கள். மீதி நாட்களில் ஒன்றில், கேட் திறக்கிற நேரத்துக்கே போய் நில்லுங்கள். ராத்திரி முழுக்கக் கொட்டகைக்குள் இருந்த மிருகத்தைக் காலையில் வெளியே விட்டதும், அது முதல் வேலையாகத் தன் இடத்தைச் சுற்றி வரும், மோந்து பார்க்கும், மரத்தடியில் மூத்திரம் பீய்ச்சும். வெயில் ஏறியதும் நிழலில் சாய்ந்துவிடும். அப்புறம் சாயங்காலம்தான். மாமிசம் தின்னும் மிருகங்களுக்கு நம் ஊர்ப் பூங்காக்களில் பொதுவாக ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் மாலையில் கொட்டகைக்குள் போன பிறகு. வாரத்தில் ஒரு நாள் விரதமும் உண்டு. காட்டில் தினமுமா வேட்டை கிடைக்கிறது? அதனால் மூன்றரை, நாலு மணிவாக்கில் புலி பின்பக்கக் கதவோரமாக நடைபோட ஆரம்பிக்கும், மெஸ் திறக்கக் காத்திருக்கும் பேச்சிலர் மாதிரி. அந்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் அங்கே இருந்தால் போதும்.

அடுத்தது, எல்லாவற்றையும் பார்க்கும் ஆசை. வண்டலூர் 602 ஹெக்டேர், ஏறக்குறைய 1,500 ஏக்கர். எட்டு வயதுப் பிள்ளையை வெயிலில் அத்தனையும் நடக்க வைத்தால் அவனுக்கு ஞாபகம் இருக்கப்போவது கால் வலியும், நீங்கள் வாங்கித் தர மறுத்த ஐஸ்கிரீமும்தான். வீட்டிலேயே உட்கார்ந்து மூன்றே மூன்று மிருகங்களை அவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மற்றவை வழியில் தென்பட்டால் லாபம்.

தூங்கும் புலியிலும் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் புலி முன்னால் உட்கார வைத்து, கால் மணி நேரம் பேசாமல் பாருங்கள், ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள் என்றேன். மூன்றாவது நிமிஷமே முணுமுணுப்பு. 'தூங்குது மிஸ், என்னத்த எழுதுறது?' சரி, அதையே எழுது என்றேன். முடிவில் எல்லாருடைய நோட்டையும் வாங்கிப் பார்த்தால், கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் பக்கத்தை நிரப்பியிருந்தாள். 'கண் மூடியிருக்கு. காது மூடல. பஸ் ஹார்ன் அடிச்சா இடது காது திரும்புது. குழந்தை அழுதா வலது காது. காதுக்குப் பின்னாடி வெள்ளப் பொட்டு இருக்கு, ரெண்டு கண்ணு மாதிரி.' அந்த வெள்ளைப் பொட்டைப் பற்றி நான் வகுப்பில் சொன்னதே இல்லை. பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்குக் கண் மாதிரி தோன்றத்தான் அது என்று சிலர் சொல்கிறார்கள், குட்டிகள் தாயைப் பின்தொடர என்று வேறு சிலர். அதற்குள் நான் போகவில்லை. முதுகைக் காட்டிப் படுத்த புலியிடம்தான் அந்தப் பொட்டைப் பார்க்க முடியும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகனும் பார்த்திருப்பான். யாரும் அவனைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்து அறுபது பிள்ளைகளை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போக விருப்பம். அங்கே பள்ளிகளுக்கென்று ஏதாவது வகுப்பு நடத்துகிறார்களா? எப்படித் திட்டமிடுவது?
(ஓர் ஆசிரியர், செங்கல்பட்டு)

நடத்துகிறார்கள் சார். வண்டலூரில் 'ஜூ ஸ்கூல்' என்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. படம் போட்டுக் காட்டி, பேசி, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். பூங்கா இயக்குநருக்குப் பள்ளியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எந்தத் தேதி என்று தெளிவாகப் போடுங்கள். கட்டணத்தில் சலுகை உண்டா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். அக்டோபர் முதல் வாரத்தைக் கேட்டுப் பாருங்கள். 2 முதல் 8 வரை வனவிலங்கு வாரம், ஓவியப் போட்டி, வினாடி வினா என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். பஸ் வைக்கப் பணமில்லை என்றால் கவலைப்படாதீர்கள். கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால் வண்டலூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். பாதிப் பிள்ளைகளுக்கு ரயில் பயணமே பெரிய விஷயமாக இருக்கும்.

இவ்வளவுதான் அலுவலக வேலை. பயணம் கெட்டுப்போவது இதற்கப்புறம்தான்.

ஒரு பெரிய பள்ளி, பெயர் வேண்டாம், இருநூறு பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தது. விசில் ஊதினால் நடக்க வேண்டும், விசில் ஊதினால் நிற்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் அச்சடித்த தாள்: 'விலங்கியல் பெயர், வாழிடம், உணவு, ஆயுள்'. பிள்ளைகள் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டு அடுத்த கூண்டுக்கு ஓடினார்கள். ஒரு பையனை நிறுத்தி, 'இப்ப பார்த்த நீர்யானைக்கு வால் இருந்துச்சாடா?' என்று கேட்டேன். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'அது கேள்வில இல்ல மேடம்' என்றான்.

அதனால் நான் என் பிள்ளைகளுக்குத் தாளே கொடுத்ததில்லை. வகுப்பை மூன்றாகப் பிரித்துவிடுவேன்: கால் குழு, வால் குழு, வாய் குழு. நாள் முழுக்க அவரவர் பார்க்க வேண்டியது அந்த ஒன்றை மட்டும். கால் குழு குளம்பை எண்ணும். மான் தரையில் ஊன்றுவது இரண்டு, நீர்யானைக்கு நாலு விரல், யானையின் முன்காலில் பெரும்பாலும் ஐந்து நகம், பின்காலில் நாலு. வாய் குழு, யார் அசைபோடுகிறார்கள், யார் அப்படியே விழுங்குகிறார்கள் என்று பார்க்கும். சிங்கவால் குரங்கு முன்னால் இந்தக் குழு அசையாது. பழத்தைக் கடித்துக் கடித்து விழுங்காமல் கன்னத்துப் பைக்குள் அடைத்துக்கொண்டே போகும், தாடை இரண்டு பக்கமும் பல்வலிக்காரர் மாதிரி வீங்கும் வரை. அப்புறம் மற்ற குரங்குகள் எட்டாத மூலைக்குப் போய்ப் பின்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாக வெளியே தள்ளி நிதானமாகச் சாப்பிடும். 'ஹாஸ்டல் அண்ணன் மாதிரி மிஸ்' என்றான் ஒருத்தன்.

வால் குழுவைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆண் நீர்யானை சாணி போடும்போது அந்தக் குட்டி வாலை ஃபேன் மாதிரி சுழற்றி நாலாபக்கமும் தெளிக்கும். தன் எல்லையைக் காட்டுவதற்கு. அதைக் கண்ணால் பார்த்த வால் குழு அங்கிருந்து நகர மறுத்துவிட்டது. மற்ற இரண்டு குழுவும் வால் குழுவில் சேர வேண்டும் என்று சண்டை போட்டது. திரும்பும் ரயிலில் தாம்பரத்துக்காரர்கள் எல்லாருக்கும் நீர்யானையின் எல்லைப் பிரச்சினை விளக்கப்பட்டது.

சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கொண்டு வரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மரத்தில் திரியும் நாட்டுக் குரங்குகள் கவர் சத்தம் கேட்டாலே இறங்கிவிடும்.

கேள்வி: மானுக்கு ஒரு வாழைப்பழம் நீட்டியதற்குக் காவலர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். பாவம், கம்பிக்கிட்டயே வந்து நின்றதே, பசிதானே?
(ஒரு பாட்டி, தாம்பரம்)

பசி இல்லைங்க பாட்டி, பழக்கம். உங்களுக்கு முன்னால் நூறு பேர் நீட்டியிருக்கிறார்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே 38ஜே என்று ஒரு பிரிவு இருக்கிறது. உயிரியல் பூங்காவில் மிருகத்தைச் சீண்டுவதும், தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும், குப்பை போடுவதும் குற்றம். ஜெயில் வரைக்கும் போகும். காவலர் சத்தத்தோடு விட்டார், நல்ல மனுஷர்.

கேள்வி: என் பேரனிடம் 'சின்ன வயசில் உயிர் காலேஜுக்குப் போவோம்' என்றேன். 'காலேஜில் மிருகம் படிச்சுதா தாத்தா?' என்று சிரிக்கிறான். உங்கள் பகுதிக்கே அந்தப் பெயர்தானே. ஏன் அப்படிச் சொன்னோம்?
(ஒரு தாத்தா, பெரம்பூர்)

இந்தக் கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் ஐயா!

நம் பட்டணத்தில் அப்போது இரண்டு காலேஜ். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. என் ஆயா ராயபுரத்திலிருந்து எங்களைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வரும்போது, 'இன்னிக்கு உசுரு காலேஜா, செத்த காலேஜா?' என்றுதான் கேட்கும். நாங்கள் உசுரு காலேஜ் என்று கத்துவோம். செத்த காலேஜில் அந்தத் திமிங்கில எலும்புக்கூடு எனக்குப் பயம்.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். எட்வர்ட் பால்ஃபர் என்று ஒரு ராணுவ டாக்டர். 1851-ல் தொடங்கிய மியூசியத்துக்குப் பொறுப்பாளர். 1855-ல் மியூசியத் தோட்டத்திலேயே உயிருள்ள மிருகங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஆற்காட்டு நவாப்பிடமிருந்த மிருகங்களும் வந்து சேர்ந்தன. பாடம் பண்ணி வைத்த பறவைகளைப் பார்க்க வராத ஜனம், உறுமுகிற புலியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தது. அடுத்த வருஷமே முந்நூறுக்கும் மேற்பட்ட ஜீவன்கள். மியூசியத்துக்குள் இடம் எங்கே? 1860-களின் தொடக்கத்தில் பார்க் டவுன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. நீங்களும் நானும் பார்த்தது அங்கேதான், மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்.

'காலேஜ்' எங்கிருந்து வந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன், பந்தயம் கட்ட மாட்டேன். மியூசியம் முதலில் இயங்கியது எழும்பூரில் இல்லை, நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் தமிழ், தெலுங்கு கற்றுக்கொண்ட காலேஜ் கட்டடத்தின் மாடியில். பிறகு எழும்பூருக்கு மாறினாலும் ஜனங்கள் வாயில் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து பிரிந்து போன மிருகங்களுக்கும் அதே பட்டப்பெயர். எப்படி வந்திருந்தாலும், எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா மிருகக்காட்சிசாலையைக் காலேஜ் என்று சொன்னதைவிட நல்ல பெயரை எந்த அதிகாரியும் இதுவரை வைக்கவில்லை.

1985-ல் இரண்டு விஷயம் நடந்தது. மே 30-ம் தேதி மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. ஜூலை 24-ம் தேதி எம்.ஜி.ஆர். வண்டலூர்ப் பூங்காவைத் திறந்து வைத்தார். நான் வேலையில் சேர்ந்ததும் அதே வருஷம். என் முதல் வகுப்பில் பாதிப் பேர் பழைய உயிர் காலேஜைப் பார்த்திருந்தார்கள். கடைசி வகுப்பில் அந்த வார்த்தையே யாருக்கும் தெரியவில்லை.

பால்ஃபரைப் பற்றி இன்னொன்றும் உங்கள் பேரனிடம் சொல்லுங்கள். மதராஸ் மெடிக்கல் காலேஜில் 1875-ல் பெண்களைச் சேர்த்தபோது அதற்குத் துணை நின்றவரும் இதே டாக்டர்தான்.

கேள்வி: டீச்சர், வெள்ளைப் புலி குளிர் நாட்டிலிருந்து வந்ததா? பனியில் ஒளிந்துகொள்ளத்தான் வெள்ளையா இருக்கா?
(ஐந்தாம் வகுப்பு மாணவி, திருவண்ணாமலை)

நல்லா யோசிச்சிருக்க கண்ணு, ஆனா இல்லை. நம் நாட்டுப் புலியேதான். அம்மா அப்பா இரண்டு பேரிடமிருந்தும் ஒரு குறிப்பிட்ட மரபணு வந்து சேர்ந்தால் ஆரஞ்சு நிறம் வராது, அவ்வளவுதான். கோடு கறுப்பாகவே இருக்கும், கண் நீலமாக இருக்கும். 1951-ல் மத்திய இந்தியாவில் ரேவா மகாராஜா ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பெயர் வைத்தார். இன்றைக்கு உலகத்தில் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த மோகனின் கொள்ளுப் பேரன் பேத்திகள். அந்த மரபணுவோடு சேர்ந்தே சிலதுக்கு மாறுகண் கூட வரும். அடுத்த தடவை போகும்போது கண்ணைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு மிருகத்தைத் தத்தெடுக்கலாம் என்கிறார்கள். வீட்டுக்குக் கொடுப்பார்களா? எவ்வளவு செலவாகும்?
(ஓர் அப்பா, வேளச்சேரி)

வீட்டுக்குக் கொடுத்தால் உங்கள் ஓனர் உங்களை வெளியே அனுப்பிவிடுவார். தத்து என்பது அதன் தீனிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வது, குறிப்பிட்ட நாட்களுக்கோ மாதங்களுக்கோ ஒரு வருஷத்துக்கோ. நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்ற வெள்ளைப் புலியைத் தத்தெடுத்தபோது எல்லாப் பேப்பரிலும் வந்ததே, அந்தத் திட்டம்தான். புலிக்கும் யானைக்கும் ஆகும் தொகையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பறவை, சின்னப் பிராணிகளுக்குக் குறைவு. எனக்குக் கேட்டால் ஒரு கிளியோ ஆமையோ எடுத்து, தொகையில் ஒரு பங்கை உங்கள் பெண் தன் உண்டியலிலிருந்து கொடுக்கட்டும். அப்பா கட்டிய புலியைவிட அவள் கட்டிய ஆமை அவளுக்குப் பெரிது.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். ஏழு வயது. மிருகங்கள் என்றால் உயிர். கூட்டமும் சத்தமும் தாங்க மாட்டான். கூட்டிப் போகலாமா?
(ஓர் அம்மா, அம்பத்தூர்)

தாராளமாக. வார நாளில் காலை முதல் இரண்டு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பேட்டரி வண்டியில் ஒரு சுற்று வந்தாலும் போதும், ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டியிருக்கும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள். போகப் போகும் இடத்தின் படங்களை முந்தின நாளே வரிசையாகக் காட்டுங்கள்: கேட், டிக்கெட் கவுண்டர், பாதை, மிருகம், வீடு. கிளிகளும் மயில்களும் திடீரென்று கத்தும், காதை மூடும் ஹெட்போன் கையில் இருக்கட்டும். இருட்டு அறையில் வைத்திருக்கும் இரவு விலங்குகள் பகுதியை முதல் தடவை தவிருங்கள்.

எங்களோடு வந்த ஒரு பிள்ளை இரண்டு மணி நேரமும் ஓர் ஆமையின் முன்னால் மட்டுமே நின்றான். அவன் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு? மூன்று மிருகம் என்று மற்றவர்களிடம் நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அவன் ஒன்றோடு முடித்துக்கொண்டான்.

கேள்வி: எங்கள் ஊர் வ.உ.சி. பூங்காவில் இருந்த மிருகக்காட்சிசாலையின் அங்கீகாரம் போய், மிருகங்களை இடம் மாற்றினார்கள். கோவைப் பிள்ளைகள் என்ன செய்வது?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

போதுமான இடமில்லாமல் அடைத்து வைப்பதைவிட மாற்றியது நல்லது என்பேன், கோபப்படாதீங்க. உங்களுக்குச் சேலம் குரும்பப்பட்டி இருக்கிறது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மைசூர். 1892-ல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு யூத் கிளப், கோடை முகாம் என்று நடத்துவதில் அவர்கள் நமக்கு அண்ணன். அங்கேயும் செவ்வாய் விடுமுறை, போய் ஏமாறாதீர்கள். காசே இல்லாமல் வேண்டும் என்றால் விடியற்காலை உக்கடம் பெரியகுளக்கரை. பறவை பார்க்கும் ஆட்கள் யாராவது நிற்பார்கள். வெட்கப்படாமல் 'அது என்னங்க?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே அவர்கள் நிற்கிறார்கள்.

கேள்வி: எனக்கு நாற்பது வயது. பாம்புப் படத்தைப் பார்த்தாலே வியர்க்கும். பிள்ளைகள் பாம்புப் பண்ணைக்குப் போகணும் என்கிறார்கள்.
(ஓர் அப்பா, காஞ்சிபுரம்)

பிள்ளைகளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். உயிரியல் டீச்சர், பாம்பென்றால் நடுக்கம்! வெளியே சொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலையில் சிலந்திக்குப் பயப்படும் பெரியவர்களுக்கென்றே ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். பேசிப் பேசிப் பயத்தைக் குறைத்துக் கடைசியில் சிலந்தியைக் கையில் ஏந்தச் சொல்வார்கள். நம்மிடம் அப்படி வகுப்பு தேவையில்லை, பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த இருளர் பழங்குடியினர் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறதே, ராமுலஸ் விட்டேக்கரும் மற்றவர்களும் 1976-ல் தொடங்கியது, அதற்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் விஷம் எடுக்கும் இடம் இருக்கிறது. அன்றைக்கு நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

நான் பார்த்தபோது ஒரு பெரியவர் மண்பானையைத் திறந்து கண்ணாடிவிரியனை வெளியே எடுத்தார். அது குக்கர் மாதிரி சீறியது. கண்ணாடிக் குவளை வாயில் கட்டிய தோல் மேல் தலையை வைத்ததும் கடித்தது. அடியில் மஞ்சளாக இரண்டு சொட்டு. 'இதுதாம்மா ஆஸ்பத்திரில மருந்தாவுது' என்றார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலு பானை. என் நடுக்கம் போகவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் பானையைத் திருப்பி மூடும்போது, தூங்கும் குழந்தை மேல் போர்வை போடுகிற மாதிரி மூடினார். அது மனதில் நின்றுவிட்டது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மிருகங்களை அடைத்து வைத்துவிட்டு அதன் முன்னால் நின்று குழந்தைகளுக்கு 'இயற்கையை நேசி' என்று பாடம் நடத்துவது போலித்தனம் இல்லையா?
(கல்லூரி மாணவர், மதுரை)

சில இடங்களில் போலித்தனம்தான் தம்பி. யானையை வரிசையில் நிற்க வைத்து செல்ஃபி எடுப்பதை 'கல்விச் சுற்றுலா' என்று எவராவது சொன்னால் நானும் உங்களோடு சேர்ந்து கத்துவேன். ஆனால் சிங்கவால் குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. காடு துண்டு துண்டாகிவிட்டதால் கூட்டங்கள் ஒன்றையொன்று சேர முடியாமல் தனித்தனியாக நிற்கின்றன. அதைப் பூங்காவில் இனப்பெருக்கம் செய்யும் திட்டத்தில் வண்டலூருக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. பூங்கா இல்லாமல் அதைச் செய்ய முடியுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

2021-ல் கொரோனா சமயத்தில் வண்டலூர் சிங்கங்களுக்கும் தொற்று வந்து நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு என் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள், துணிக்கடையில் வேலை பார்ப்பவள். 'நம்ம பார்த்த சிங்கமா மிஸ்?' என்றாள். நாங்கள் பார்த்தது அதுவாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை, அவள் படித்து முடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் 'நம்ம சிங்கம்' என்றாள். சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: கோடை முகாம், 'ஜூ அம்பாசடர்' என்றெல்லாம் சொல்கிறார்களே, பத்து வயது மகளைச் சேர்க்கலாமா? சான்றிதழ் பின்னால் உதவுமா?
(ஓர் அப்பா, மறைமலைநகர்)

சேருங்கள். சான்றிதழ் எதற்கும் உதவாது. தேதியும் கட்டணமும் ஒவ்வொரு கோடைக்கும் மாறும், பூங்காவின் இணையதளத்தில் ஏப்ரலிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். வகுப்பு கொஞ்சம் இருக்கும், அது பள்ளிக்கூடம் மாதிரிதான். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். எங்கேயாவது கீப்பரைப் பார்த்தால் அவரிடம் பேசச் சொல்லுங்கள். தினமும் கொட்டகையைக் கழுவித் தீனி வைப்பவருக்குத் தெரிந்தது எந்தப் பலகையிலும் இருக்காது. எது சண்டைக்காரி, எது இடியோசைக்குப் பயப்படும், எதற்கு எந்தப் பழம் பிடிக்காது, எல்லாம் தெரியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துப் பூங்கா மூடிக் கிடந்ததே, அந்த ராத்திரியைப் பற்றி ஒருவர் என்னிடம் ஒரு மணி நேரம் சொன்னார். நான் கேட்டதெல்லாம் 'அன்னிக்கு நீங்க எங்கண்ணா இருந்தீங்க?' என்பது மட்டும்தான்.

கேள்வி: வெயில் காலத்தில் கரடிக்கு ஐஸ் கொடுப்பாங்களாமே, நிஜமா? எங்க அம்மா எனக்குக் கொடுக்க மாட்டேங்கறாங்க.
(இரண்டாம் வகுப்பு மாணவன், திருவள்ளூர். அம்மா கையெழுத்தில்)

நிஜம்தான்டா. பழத்தை வெட்டித் தண்ணியில் போட்டு உறைய வைத்துக் கட்டியாகக் கொடுப்பாங்க. தர்பூசணியும் உண்டு. கரடி என்ன பண்ணும் தெரியுமா? அதுக்கு மேல் வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. காட்டில் கறையான் புற்றைத் தோண்டி, உதட்டைக் குழாய் மாதிரி குவித்து, அந்தப் பல் இல்லாத சந்து வழியா உர்ர்ருனு உறிஞ்சும். ஐஸ் கட்டியையும் அப்படித்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு உறிஞ்சப் பார்க்கும். வேக்குவம் கிளீனர் சத்தம் மாதிரி தூரத்திலேயே கேட்கும். உனக்கும் இப்ப முன்பல் விழுந்திருக்குமே? கண்ணாடி முன்னாடி நின்னு உறிஞ்சிப் பாரு. ஐஸ் விஷயத்தை நான் அம்மாகிட்ட பேசறேன்.